கச்சா எண்ணெய் மலிந்தால் சோமனூர் தறிக்கு என்ன கிடைக்கும்?

(கோவையில் ஜவுளி, பிளாஸ்டிக் சிறுதொழில் செய்வோர் மத்தியில் 2025 டிசம்பரில் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாதவர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம்.)



பெட்ரோ கெமிக்கல் சந்தை அடுத்த இரண்டு மூன்று வருஷம் எப்படி இருக்கும் என்பதுதான் இன்றைக்குப் பேச எடுத்த விஷயம். தலைப்பைப் பார்த்ததும், "நமக்கெதுக்குங்க அது? அது ஜாம்நகர்க்காரங்க கவலை, மணலிக்காரங்க கவலை" என்று உங்களில் பாதிப் பேர் நினைத்திருப்பீர்கள். நியாயம்தான். கோவையில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை கிடையாது. கொச்சியிலிருந்து குழாயில் வரும் பெட்ரோல், டீசல் இருகூரில் இறங்குது, கரூருக்குப் போகுது. அதோடு நமக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு முடிஞ்சு போச்சு என்றுதான் தோன்றும்.

உங்கள் பட்டறைக்குள் ஒரு சுற்று வந்து பாருங்க. தறியில் ஓடுவது பி.வி. நூலா, பி.சி. நூலா? அதில் பாதி எண்ணெயிலிருந்து வந்தது. கரூரில் கொசுவலை போடுகிறவர் உருக்குவது ஹெச்.டி.பி.இ. குருணை. அதுவும் எண்ணெய். சாக்குப் பை நெய்கிறவருக்கு பாலி புரொப்பிலீன், போர்வெல் பைப்புக்கு பி.வி.சி., திருப்பூரில் விளையாட்டு உடை தைக்கிறவருக்கு பாலியஸ்டரும் ஸ்பான்டெக்ஸும். இந்தக் கொங்கு மண்டலம் பெட்ரோ கெமிக்கலைத் தயாரிக்கவில்லை. வாங்கி வாங்கித்தான் பிழைக்கிறது. விற்கிறவனுக்குச் சங்கம் இருக்கு, டெல்லியில் ஆபீஸ் இருக்கு. சின்னதாக வாங்குகிற நமக்கு இந்தச் சந்தை எப்படிப் போகுதுன்னு சொல்ல ஆள் கிடையாது. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் இது எப்படி நடக்குதுன்னு ஒரு நிமிஷம். கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும்போது நாப்தா கிடைக்கிறது. அதன் ஒரு வழியில் பாராசைலீன், அதிலிருந்து பி.டி.ஏ. என்ற வெள்ளைப் பொடி. இன்னொரு வழியில் எத்திலீன், அதிலிருந்து எம்.இ.ஜி. என்ற திரவம். சுமார் 860 கிராம் பி.டி.ஏ., 340 கிராம் எம்.இ.ஜி. இரண்டையும் சேர்த்து வேக வைத்தால் ஒரு கிலோ பாலியஸ்டர். கூட்டினால் 1,200 கிராம் வருதேன்னு கேட்பீங்க. மீதி தண்ணியாகப் போயிடும். ஆக, இந்த இரண்டு சரக்கின் விலைதான் உங்கள் நூல் விலையின் அடிப்படை. கச்சா எண்ணெய் பீப்பாய் 2022 மார்ச்சில் 120 டாலரைத் தாண்டியது. 2025 டிசம்பரில் 60 டாலரை ஒட்டி நின்றது. அப்போ நூல் விலை பாதியாகியிருக்கணுமே என்றால், அப்படி நேர்கோடாக இது வேலை செய்யாது. நடுவில் எத்தனை பேர் ஆலை வைத்திருக்கிறார்கள், யார் யாருக்கு விற்க அனுமதி இருக்கிறது என்பதும் விலையைத் தீர்மானிக்கும்.

ஆலைகளைப் பொறுத்தவரை, உலகத்தில் இப்போது தேவைக்கு மேல் இருக்கிறது. காரணம் சீனா. பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் வரை சீனா பி.டி.ஏ.வை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அது ஏற்றுமதி செய்கிற நாடு. உலக பாலியஸ்டரில் பாதிக்கு மேல் அங்கேதான் தயாராகிறது. சீனாவுக்கு விற்றே வளர்ந்த நாடுகள் கதி என்ன ஆச்சு என்பதைப் பார்த்தால் சந்தையின் போக்கு புரியும். தென் கொரியாவில் நாப்தாவை உடைத்து எத்திலீன் எடுக்கும் பத்து கம்பெனிகள் 2025 ஆகஸ்டில் அரசாங்கத்தோடு உட்கார்ந்து, ஆண்டுக்கு 27 லட்சத்திலிருந்து 37 லட்சம் டன் வரை உற்பத்தித் திறனைக் குறைக்க ஒப்புக்கொண்டன. அது அவர்கள் மொத்தத் திறனில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வரைக்கும் போகும். சிங்கப்பூரில் ஷெல் நிறுவனம் 1961-லிருந்து புக்கோம் தீவில் ஆலை நடத்தியது. 2025 ஏப்ரலில் அதைச் சந்திரா அஸ்ரி, கிளென்கோர் கூட்டணிக்கு விற்றுவிட்டு வெளியேறியது. ஊரு சின்னது, துறைமுகம் அருமையானது, அனுபவம் அறுபது வருஷத்துக்கு மேல். அப்படிப்பட்ட இடத்திலேயே லாபம் நிற்கலைங்க.

ஆக, தயாரிப்பவனுக்கு அடுத்த சில வருஷம் கஷ்டம். வாங்குகிறவனுக்கு நல்ல காலம். வாங்குகிற நமக்கு அந்த நல்ல காலம் ஏன் வந்து சேரவில்லை?

இதற்குப் பதில் 2023-ல் இருக்கிறது. அந்த வருஷம் மத்திய அரசு பாலியஸ்டர், விஸ்கோஸ் பஞ்சுகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பேரைக் கேட்டால் நல்லாத்தான் இருக்கு. தரம் வேண்டாம்னு யார் சொல்லப் போறாங்க? நடைமுறையில் என்ன ஆச்சு? வெளிநாட்டு ஆலை இங்கே விற்கணும்னா இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்றிதழ் வாங்கணும். அதற்கு நம் அதிகாரிகள் அந்த ஆலைக்கே போய்ப் பார்க்கணும். சில நாடுகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. சீன ஆலைகளுக்குப் பெரும்பாலும் கிடைக்கவே இல்லை. விஸ்கோஸ் பஞ்சில் உள்நாட்டில் கிராசிம் ஒன்றுதான் பெரிய தயாரிப்பாளர். பாலியஸ்டரில் ரிலையன்ஸும் விரல் விட்டு எண்ணக்கூடிய இன்னும் சிலரும். வெளிக்கதவை மூடியதும் விலைப்பட்டியலை எழுதும் கை சுருங்கிப் போச்சு.

அவர்கள் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. போட்டி இல்லாத இடத்தில் யாராக இருந்தாலும் விலையை ஏற்றித்தான் வைப்பார்கள். கதவை மூடியது அரசாங்கம்.

ஒரு ரூபாய் கணக்கு சொல்றேன். மாசம் 100 டன் நூல் நூற்கும் ஒரு சின்ன மில்லை எடுத்துக்கோங்க. பஞ்சு கிலோவுக்கு ஒரே ஒரு ரூபாய் கூடினால் மாசத்துக்கு ஒரு லட்சம், வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம். இந்த வித்தியாசம் ஒரு ரூபாயோடு நின்றதா என்று மில் நடத்துகிறவர்களைக் கேளுங்க, சிரிப்பாங்க. மில்காரர் அதை நூல் விலையில் ஏற்றுவார். நூல் வாங்கும் ஜவுளி வியாபாரி துணி விலையில் ஏற்றப் பார்ப்பார். சந்தை ஏறாது. ஏன்னா அதே துணி வெளிநாட்டிலிருந்து முழுத் துணியாகவே வந்து இறங்கிவிட்டது. இதுதான் பெரிய வேடிக்கை. பஞ்சுக்கும் நூலுக்கும் கதவை அடைத்தவர்கள் துணிக்குத் திறந்து வைத்திருந்தார்கள். செயற்கை இழைப் பின்னல் துணி குவிந்ததைப் பார்த்துவிட்டு, 2024 மார்ச்சில் சில ரகங்களுக்குக் கிலோ 3.5 டாலர் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஒட்டு.

இந்த ஏற்றம் எல்லாம் கடைசியில் எங்கே போய் இறங்கும்? வியாபாரி நூலில் விட்டதைக் கூலியில் பிடிப்பார். சோமனூர், பல்லடம், அவிநாசி, மங்கலம் பக்கம் இருக்கிற நம்ம கூலித் தறிக்காரர்கள் நியாயமான கூலி கேட்டு 2025 மார்ச்சில் தறியை நிறுத்தினார்கள். ஒரு மாசம் அந்தச் சத்தமே கேட்கலை. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் அந்த அமைதி எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மின்கட்டணம், கூலி ஒப்பந்தம் என்றுதான் அந்தப் போராட்டத்தைப் பத்திரிகைகள் எழுதின. அதுவும் உண்மை. ஆனால் வியாபாரியின் கையில் கூலி கொடுக்க மிச்சம் இல்லாமல் போனதில் நூல் விலைக்கும் பங்கு உண்டு. அதை யாரும் பேசவில்லை.

இப்போ நல்ல செய்திக்கு வருவோம். 2025 நவம்பர் 12-ம் தேதி மத்திய அரசு பி.டி.ஏ., எம்.இ.ஜி., பாலியஸ்டர் பஞ்சு, பாலியஸ்டர் நூல் வகைகள், பாலி எத்திலீன், பாலி புரொப்பிலீன், பி.வி.சி. உட்பட 14 பொருள்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணைகளைத் திரும்பப் பெற்றது. ஆறு நாள் கழித்து விஸ்கோஸ் பஞ்சுக்கான ஆணையும் போனது. செப்டம்பர் 22 முதல் செயற்கை இழைக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதம், அதன் நூலுக்கு 12-லிருந்து 5 சதவீதம். துணிக்கு 5, நூலுக்கு 12 என்று இருந்ததால் ரீஃபண்டுக்காக மாசக்கணக்கில் பணம் முடங்கிக் கிடந்ததே, அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. நல்லது செய்தால் நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். தாமதம், ஆனாலும் நல்லது.

ஆனா இதை நம்பி உடனே புது மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. கொஞ்சம் பழைய கதையையும் கேட்டுட்டுப் போங்க. பி.டி.ஏ. மேல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி இருந்தது. 2020 பட்ஜெட்டில் நீக்கினார்கள். விஸ்கோஸ் பஞ்சு மேலும் அதே வரி இருந்தது, 2021 ஆகஸ்டில் நீக்கினார்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் 2023-ல் தரக் கட்டுப்பாடு என்ற பேரில் அதே தடை வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. இப்போது அந்தச் சட்டையும் கழன்றிருக்கிறது. அடுத்தது என்ன உடையில் வரும் என்பதுதான் என் கவலை. உலகம் முழுக்கச் சரக்கு தேங்கிக் கிடக்கும் காலத்தில், உள்நாட்டுப் பெரிய ஆலைகள் மறுபடி பாதுகாப்பு கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேட்பது அவர்கள் உரிமை. எதிர்க்கட்சிக்காரன் இல்லாத வழக்கில் தீர்ப்பு யார் பக்கம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த விசாரணைகளில் வாங்குகிறவர்களும் தங்கள் கணக்கைத் தாக்கல் செய்யலாம். 1933-லிருந்து இருக்கிற சைமா மாதிரி பெரிய மில்கள் சங்கம் போய்ப் பேசும். சாக்குப் பை நெய்கிறவருக்கும் கொசுவலைக்காரருக்கும் பேச அங்கே யார் போகிறார்கள்? அறிவிப்பு ஆங்கிலத்தில், டெல்லி அரசிதழில் வரும். தெரிவதற்குள் கெடு முடிந்திருக்கும்.

இந்த நேரத்தில் சிலர் சொல்லும் யோசனை ஒன்று: "வாங்கி ஏன் கஷ்டப்படணும்? தமிழ்நாட்டிலேயே பெரிய பெட்ரோ கெமிக்கல் வளாகம் வைத்துவிடலாமே?" கேட்க நல்லா இருக்கு. கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 45 கிராமங்களைச் சேர்த்து அப்படி ஒரு மண்டலத்தை 2017-ல் அறிவித்தார்கள். டெல்டா விவசாயிகள் எதிர்த்தார்கள். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நிலத்துக்குள் குழாய் வருவதென்றால் என்ன என்று கொங்கு விவசாயிகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கெயில் எரிவாயுக் குழாய்க்காகக் கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 2016 பிப்ரவரியில் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது.

நிலத்தை விடுங்க, வெறும் வியாபாரக் கணக்காகவே பார்ப்போம். கொரியா மூடுகிறது, சிங்கப்பூரில் ஷெல் விற்றுவிட்டுப் போகிறது. இந்த நேரத்தில் பல்லாயிரம் கோடி போட்டுப் புது ஆலை கட்டினால், அது ஓட ஆரம்பிக்கும் நாளிலிருந்தே பாதுகாப்பு வரி கேட்கும். அந்த வரியைக் கட்டப் போவது யார்? நீங்களும் நானும்தான். ஏற்கெனவே இருப்பதை ஒழுங்காக ஓட்டினாலே நமக்குப் போதும். மங்களூரில் ஆண்டுக்கு 12.5 லட்சம் டன் பி.டி.ஏ. தயாரிக்கும் திறனுள்ள ஓர் ஆலை திவால் வழக்கில் கிடந்து, 2023-ல் பொதுத்துறை நிறுவனமான கெயில் கைக்கு வந்திருக்கிறது. கொச்சியில் பாரத் பெட்ரோலியம் 2021-லிருந்து அக்ரிலேட் வகைகள் தயாரிக்கிறது. பெயின்ட், பசை, ஜவுளிப் பூச்சு எல்லாத்துக்கும் அது வேண்டும். ஆண்டுக்கு 4 லட்சம் டன் பாலி புரொப்பிலீன் ஆலைக்கும் அங்கே ஒப்புதல் ஆகியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கொச்சி. ஜாம்நகரிலிருந்து லாரி வாடகை கொடுத்து வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய தூரம் அது. பொதுத்துறை ஆலைகள் சிறு வாங்குபவர்களுக்கு நேராகச் சரக்கு கொடுக்க கோவையில் ஒரு கிடங்கு வைத்தால், இடையில் இருக்கும் ஏஜென்ட் கமிஷனாவது மிச்சமாகும்.

"பாலியஸ்டர் எதுக்குங்க, நாம பருத்தி ஊர்க்காரங்க" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் உலகம் உடுத்துகிற இழையில் பாலியஸ்டர் மட்டும் 2023-லேயே 57 சதவீதம் ஆகிவிட்டது, பருத்தி ஐந்தில் ஒரு பங்கு. 2022 மே மாதம் பஞ்சு கேண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது எத்தனை மில்கள் ஷிப்டைக் குறைத்தன என்பது நினைவிருக்கும். பஞ்சு இறக்குமதிக்கு 2025-ல் தந்த வரி விலக்குக்கும் டிசம்பர் 31-ம் தேதிதான் கெடு. 2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் திருப்பூரின் 40,000 கோடி ரூபாய் அளவிலான ஏற்றுமதியில் பெரிய பங்கு ஆட்டம் கண்டது. வேறு நாடுகளில் ஆர்டர் பிடிக்கணும்னா அவர்கள் கேட்கும் துணியைக் கொடுக்கணும். குளிர்கால உடை, விளையாட்டு உடை எல்லாம் செயற்கை இழை. பருத்தியை விடச் சொல்லவில்லை, ஒரே காலில் நிற்க வேண்டாம் என்கிறேன்.

சாயப்பட்டறைக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சேதி இருக்கு. பருத்திக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்புதான் நொய்யலை அழித்தது, ஒரத்துப்பாளையம் அணையை நிரப்பியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது அதனால்தான். இன்றைக்கும் ஜீரோ டிஸ்சார்ஜ் செலவில் பெரிய பங்கு அந்த உப்பைப் பிரித்துக் காய்ச்சுவதற்கே போகிறது. பாலியஸ்டருக்கு அப்படி உப்பு தேவையில்லை. 130 டிகிரி சூட்டில் அழுத்தத்தோடு வேக வைக்கும் மெஷின் வேண்டும், அவ்வளவுதான். அதற்காக இது சுத்தமான தொழில் என்று நான் சொல்லமாட்டேன். துவைக்கத் துவைக்க உதிரும் நுண் இழைகள் தண்ணீரில் போய்ச் சேருகின்றன. நொய்யலுக்கு ஒரு பாவம் குறைந்து இன்னொரு பாவம் வராமல் இருக்க இப்போதே வடிகட்டி வைக்கிற யோசனை வேண்டும்.

மெஷின் வாங்கப் பணம்? பழைய தொழில்நுட்ப மேம்பாட்டு மானியத் திட்டம் 2022 மார்ச்சோடு முடிந்துபோனது. செயற்கை இழைத் துணிக்கு 10,683 கோடி ரூபாயில் உற்பத்தி ஊக்கத் திட்டம் ஒன்று 2021-ல் வந்தது. அதில் சேரக் குறைந்தபட்ச முதலீடு 100 கோடி. 2025 அக்டோபரில் அதைப் பாதியாக்கி 50 கோடி என்று தளர்த்தினார்கள். சோமனூரில் 50 கோடி வைத்திருப்பவர் கை தூக்குங்க, பார்ப்போம்! ஐந்து கோடி, இரண்டு கோடி முதலீட்டுக்கும் அளவுக்கேற்ற ஊக்கம் வேண்டும். இதைத்தான் நாம் கேட்கிறோம்.

ஓ.இ. மில்காரர்கள் கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு இந்தச் சந்தை இரண்டு பக்கமும் வெட்டுது. பெட் பாட்டிலை உருக்கி எடுத்த பஞ்சில் நூல் நூற்கிறீர்கள். புதுப் பாலியஸ்டர் மலிந்தால் உங்கள் பஞ்சுக்குக் கிராக்கி குறையும். அதே நேரம், பாட்டில் தயாரிப்பவர்கள் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கை 30 சதவீதம் சேர்க்கணும் என்று 2025-26 நிதியாண்டிலிருந்து விதி வந்திருப்பதால், பழைய பாட்டிலுக்கு அவர்களும் போட்டிக்கு வருகிறார்கள். விற்பனை விலை இறங்கி, வாங்கும் விலை ஏறும். ஐரோப்பியக் கம்பெனிகள் மறுசுழற்சி நூல் கேட்கிறார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் வாய்ச்சொல்லுக்கு அவர்கள் காசு கொடுக்க மாட்டார்கள், ஒவ்வொரு பேலுக்கும் சான்று கேட்பார்கள். கோவையிலேயே சிட்ரா இருக்கு, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் தொழில்துறைத் துணிகளுக்கான மையம் இருக்கு. சின்ன மில்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பரிசோதனையும் சான்றும் கிடைக்க மாநில அரசு அவர்களோடு பேச வேண்டும்.

கடைசியா ஒரு வேலை கொடுத்துட்டு முடிச்சுக்கிறேன். 2022-லிருந்து இன்று வரை நீங்கள் வாங்கிய பஞ்சு, நூல், குருணை பில்களை மாசவாரியாக எடுத்து வையுங்க. வாங்கிய தேதி, ரகம், கிலோ விலை இந்த மூன்றும் போதும். விற்றவர் பேரை மறைத்துவிட்டு நகல் கொடுத்தாலும் சரி. உங்கள் ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தால் தொகுத்து வைப்போம். நாளைக்கு மறுபடி ஒரு வரியோ ஆணையோ வரும் என்று அறிவிப்பு வந்தால், கெடு முடிவதற்குள் எடுத்துக்கொண்டு போக நம் கையில் கணக்கு இருக்கணும். ஜனவரி 15 பொங்கல், அதற்குப் பிறகு யாருக்கும் பழைய பில் தேட நேரம் இருக்காது. அதற்கு முன்னாலேயே கொண்டு வந்து கொடுத்துடுங்க.